எடையர் மண்டபம்

வாருங்கள். கையிலிருக்கும் வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு வாருங்கள். அநீதி ஒன்று நடக்கவிருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும். இடம் கொஞ்சம் தொலைவு. செவ்வாய்க் கோளின் நிலத்தடியில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய மாபெரும் குகைக்குள் இருக்கிறது புத்தூழி நகர். காலமும் தொலைவுதான்; நம் பேரர்களின் பேரர்கள் அங்கே குடியேறி நூறாண்டு ஆகிவிட்டது. ஆயினும் அஞ்சவேண்டாம், அங்கே நீங்கள் காணப்போகும் முகங்களெல்லாம் உங்களுக்குப் பழகிய முகங்களே.

காலை ஆறு மணி. சங்கு ஊதிவிட்டது. நகரத்தின் தென்கோடியில் மனிதர்களை நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தராசு ஒன்று. அதன்முன் நானூறு பேர் கொண்ட வரிசை. ஒவ்வொருவராக ஏறி நிற்கிறார்கள், எண் சொல்லப்படுகிறது, இறங்குகிறார்கள். ஓர் ஆள் என்பது அறுபது கிலோ. குறைந்தவர் இடுப்பில் அந்தக் குறைக்கு ஈடாகக் கல்வார் கட்டப்படும். மிகுந்தவருக்கு அன்று காலை உணவு இல்லை. வரிசையில் நிற்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மதியம் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தராசில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். பெயர் நஞ்சம்மாள்.

"ஒன்றேகால்" என்றார் தராசுக்காரர். "உச்சி முடிச்சுக்குப் போ, அம்மிணி. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா ஓர் ஆள் மிச்சம் எனக்கு."

அவளுக்குப் பின்னால் நின்ற அவள் கணவன் மாகாளி முன்னால் வந்தான். "அவ வேண்டாமுங்க. அவ இடத்துல நான் தொங்கறேன். அந்தக் கால் பங்குக்கும் எனக்கே கல்லுக் கட்டிவுடுங்க."

"உனக்கு வேற முடிச்சு இருக்குதே."

"அங்க கிழக்குத் தெருப் பொன்னானைப் போடுங்க. சும்மா சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கறான்."

வரிசை சிரித்தது. தராசுக்காரரும் சிரித்துவிட்டுக் கல்வாரை எடுத்துக் கொடுத்தார். மாகாளியின் இடுப்பில் அதைக் கட்டியவள் அவன் அக்காள் வேலாத்தாள். அவள் முடிச்சுக்காரி, நானூறு பேரின் கயிறும் அவள் கைபட்ட பிறகே சுமை ஏற்கும். "இவளை இனிமேல் கயித்துக்கே அனுப்பக்கூடாதுடா" என்று தம்பியின் காதில் சொன்னாள். "பொறக்கிறதுக்காச்சும் கையில நம்பர் குத்தாம இருக்கோணும்." எடையர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த பதினாறாம் நாள் மணிக்கட்டில் எண் பச்சை குத்துவது அந்நகரத்து வழக்கம்.

எடையர் என்றால் யார்? சொல்கிறேன்.

இரண்டு ஆணிகளுக்கிடையே ஒரு சங்கிலியைத் தொங்கவிடுங்கள். அது தானாகவே ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கணக்குப் போட வேண்டாம். ஈர்ப்பு விசை போட்டுவிடும். அந்த வளைவில் ஒவ்வொரு கண்ணியும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால், இழுபட்டதெல்லாம் அழுத்தப்பட்டதாக மாறும். கல் இழுத்தால் உடையும், அழுத்தினால் நிற்கும். ஆகவே கவிழ்த்த சங்கிலியே கல்லுக்கு ஏற்ற கூரை. சங்கிலிக்குப் பதில் வலையையும், வலையின் முடிச்சுகளில் எடைகளையும் தொங்கவிட்டால் ஒரு மண்டபமே பிறக்கும். வலையில் ஆகத் தாழ்ந்த முடிச்சே கவிழ்த்தபின் உச்சியாகும். இந்தக் கலைக்கு உருத்தேடல் என்று பெயர். குகைக் கூரையிலிருந்து அடிக்கடி பாறை உதிரும் புத்தூழி நகரில், வளைகூரையின்றிப் பத்துப் பேர் கூடி நிற்க முடியாது.

முதல் மண்டபத்துக்கு நகரத்தின் முதல் நூற்றுவரும் தொங்கினர். தலைவர் தொங்கினார், மருத்துவர் தொங்கினார், சமையற்காரர் தொங்கினார். "நாம் கூடும் கூரை நம் எடையால் பிறக்கட்டும்" என்று கல்லில் வெட்டி வைத்தனர். அழகிய சொல். இரண்டாம் மண்டபத்தின்போது தலைவருக்கு முதுகுவலி. மூன்றாம் மண்டபத்தின்போது மருத்துவர்களுக்கு ஓய்வில்லை. ஏழாம் மண்டபம் எழுவதற்குள், தொங்குவதற்கென்றே ஒரு கூட்டம் பிறந்துவிட்டது. தொங்குவது அவர்கள் பிறவிக் குணம் என்று பள்ளிப் பாடத்தில் ஏறிவிட்டது. அவர்களே எடையர்.

இயந்திரங்கள் இல்லையா? இருக்கின்றன. பெருந்தூக்கிகள் ஆறு, நகர நடுவே கொட்டகையில் நிற்கின்றன. ஆண்டுக்கொருமுறை அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சூட்டுவார்கள். இறுகிய கூரையைக் கவிழ்க்க மாதத்தில் ஒருநாள், கால்மணி நேரம் வெளியே வரும். இயந்திரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குமேல் அவை சுமையைத் தாங்கி நிற்கக்கூடாது. மூட்டு தேயும்.

மனித மூட்டைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு ஆளுநர் செம்பியராயர் வந்தார். கட்டப்போவது அவருடைய ஆட்சிப் பேரவை மண்டபம். தலைமை உருத்தேடுநர் அம்பலவாணர், ஈயக் குண்டுகள் கோத்த சிறு வலையை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டுக் காட்டினார். பதினோரு மாத உழைப்பு அது.

"உச்சி என் இருக்கைக்கு நேர்மேலே வரவேண்டும் என்றேன்" என்றார் ஆளுநர். "இது நடுவில் நிற்கிறதே."

"நடுவில் நிற்பது சங்கிலியின் விருப்பம், ஐயா."

"சங்கிலிக்கு வாக்குரிமை கொடுத்தது யார்?"

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அம்பலவாணர் சிரிக்கவில்லை. "உச்சியை ஓரத்துக்கு நகர்த்த அங்கே ஒரே முடிச்சில் இருபத்துநான்கு பேரைத் தொங்கவிட வேண்டும். அந்தக் கயிறு பதினாறு பேரைத்தான் தாங்கும். முதலில் மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்க்கலாம். அறுந்தால் மூட்டைதானே விழும்."

"மூட்டையை நிரப்ப வேண்டும், தைக்க வேண்டும், தூக்கி வரவேண்டும்" என்றார் ஆளுநர். "எடையர் தாமே நடந்து வருகிறார்கள். இருபத்துநான்கு போடுங்கள்."

போட்டார்கள். அறுபது மீட்டர் உயரத்தில், குகையின் இரு சுவர்களுக்கிடையே வலை தாழ்ந்து வளைந்தது. நானூறு பேர் அதில் பழங்கள்போல் தொங்கினார்கள். ஒன்பது மணிக்கு வலைமீது இறுகுபால் தெளிக்கப்பட்டது. அது பாறைத்தூளும் பிசினும் கலந்த வெண்குழம்பு. மூன்று மணிக்குள் கல்லாகிவிடும். அதுவரை ஒருவரும் அசையக்கூடாது, தும்மக்கூடாது. கண்ணில் சொட்டினால் துடைக்கவும் கூடாது.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு உச்சி முடிச்சு பாதி கிழிந்தது.

அது பெரிய ஓசையன்று. துணி கிழிவதுபோன்ற ஓசை. அதில் தொங்கிய இருபத்துநான்கு பேரில் ஒன்பது பேர் விழுந்தார்கள். செவ்வாயில் விழுவது மெதுவாக நடக்கும். அந்த அறுபது மீட்டரைக் கடக்க ஐந்தே முக்கால் நொடி ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர்கள் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. இடுப்பில் கட்டிய கல்வாரோடு மாகாளி முதலில் தரையில் மோதினான். முதுகெலும்பு முறிந்த ஓசை, வலையின் விளிம்பில் நின்ற வேலாத்தாளுக்குக் கேட்டது. மற்ற எட்டுப் பேரும் அவன்மேலும் அவன் அருகிலும் விழுந்து சிதறினார்கள். செம்மண் மேலும் சிவந்தது.

ஆளுநர் கீழே பார்க்கவில்லை. வலையைப் பார்த்தார். எடை இழந்த இடம் மேலே எம்பி, மேடுபோல் நெளிந்திருந்தது.

"காலியாக இருக்கிறதே" என்றார். "பால் இறுகுவதற்குள் நிரப்புங்கள்."

காவலர்கள் விளிம்பில் இருந்த மாற்றாட்களைப் பிடித்துக் கயிற்றுக்குத் தள்ள முயன்றார்கள். அவர்களில் நஞ்சம்மாள் இருந்தாள். கணவன் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளின் தோளில் கை வைத்த காவலனின் மணிக்கட்டில் வேலாத்தாளின் முடிச்சுக் கொக்கி இறங்கியது. அவன் அலறினான். அடுத்தவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் வேலாத்தாளின் இடக்கையை நொறுக்கினான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள், ஆடினார்கள், சிலர் கயிற்றைப் பற்றி மேலேறத் தொடங்கினார்கள். ஏறியவர்களின் கயிற்றைக் காவலர்கள் அறுத்தார்கள். ஒன்று. நான்கு. ஏழு. விழுந்தவர்களில் ஒருவர் சுவரில் மோதி, தலையின்றித் தரைக்கு வந்தார்.

"அறுக்காதீர்கள்" என்று அம்பலவாணர் ஓடிவந்தார். "ஒவ்வொரு கயிறு அறும்போதும் கூரை கோணுகிறது."

பத்தாவது கயிற்றோடு நிறுத்தச் சொன்னார் ஆளுநர். மனிதர் விழுந்தும் நிற்காத கத்தி, மண்டபம் கோணியதும் நின்றது.

அறுந்த பத்தொன்பது இடங்களும் நிரம்பாமலே பால் இறுகியது. பெருந்தூக்கிகள் வந்து கூரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவித் துடைக்கப்பட்டுக் கொட்டகைக்குத் திரும்பின. மண்டபத்தின் உட்புறத்துக்குப் பொன்வண்ணம் பூசினார்கள். இருபதாம் நாள் விரிசல் விட்டது.

அம்பலவாணர் தம் கூடத்தில் மீண்டும் சிறு வலை கட்டினார். நானூறு ஈயக் குண்டுகள் தொங்கவிட்டு, மெழுகு ஊற்றி, அது பாதி உறையும்போது அன்று அறுந்த அதே வரிசையில் பத்தொன்பது குண்டுகளை வெட்டிவிட்டார். முழுதும் உறைந்ததும் கவிழ்த்தார். மெழுகுக் கூரை தள்ளாடிச் சரிந்தது. மறுபடி செய்தார். இம்முறை மீதி முந்நூற்று எண்பத்தொரு குண்டுகளையும் கூரையின் மேற்புறத்தில், தத்தம் முடிச்சின்மேல் வைத்தார். நின்றது. உச்சியிலிருந்து ஒரு குண்டை விரலால் எடுத்தார். பொடிந்து மேசையெங்கும் சிதறியது. எந்தச் சுமை அந்த உருவை வார்த்ததோ, அந்தச் சுமை தலைமேல் இருக்கும்வரை மட்டுமே அந்த உரு நிற்கும்.

ஆளுநரிடம் சொன்னார். திறப்பு விழாவுக்கு மூன்று நாட்களே இருந்தன. அழைப்பிதழ் போய்விட்டது.

"எளிது" என்றார் ஆளுநர். "எடையரைக் கூரைமேல் உட்கார வையுங்கள். வெள்ளை உடுத்தி உட்காரட்டும். கீழிருந்து பார்த்தால் பூத் தூவியதுபோல் இருக்கும். ஏன் என்று மட்டும் சொல்லவேண்டாம்."

சொல்லாமல் இருக்க அம்பலவாணரால் முடியவில்லை. எடையர் குடியிருப்புக்குப் போனார். நஞ்சம்மாளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. கட்டுப்போட்ட கையோடு வேலாத்தாள் வாசலில் நின்றாள்.

"மேலே உட்கார்ந்த பிறகு ஒருவர்கூட எழக்கூடாது, அம்மா. ஒருவர் எழுந்தாலும் கீழே உள்ள ஆயிரம் பேரும், மேலே உள்ள நீங்களும் பிழைக்க முடியாது. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

அவள் உள்ளே குழந்தை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஏனுங்க ஐயா, அந்த ஆயிரத்துல ஆளுநரும் உண்டுங்களா?"

"அவர் இல்லாமலா?"

"அப்பச் சரிங்க. உக்காந்துக்கறோம்."

விழா நாள். கூரையின்மேல் முந்நூற்று எண்பத்தொரு வெள்ளைப் புள்ளிகள். காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குப் பதிலாகக் கல்வார் கட்டிக்கொண்டு வேலாத்தாள் உச்சியில் அமர்ந்திருந்தாள். வெளிச்சத்துக்காக விடப்பட்ட வட்டத் துளை அவள் காலடியில் இருந்தது. அதன் நேர்கீழே ஆளுநரின் வழுக்கைத் தலை தெரிந்தது. "உழைப்போர் உயர்ந்து நிற்கும் இந்நகரில்" என்று அவர் பேச்சைத் தொடங்கியபோது, மேலிருந்து குரல் வந்தது.

"உயரத்துல உக்காந்துதானுங்க இருக்கறோம். எந்திரிக்கட்டுங்களா?"

மண்டபம் அண்ணாந்தது. காவலர் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அம்பலவாணர் கையிரண்டையும் விரித்துக் குறுக்கே நின்றார். "சுடாதீர்கள். அவர்களில் ஒருவர் சரிந்தாலும் கூரை நம் தலைமேல்தான்." மேலே யாரோ வேண்டுமென்றே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தார். பொன்பூச்சு பெயர்ந்து அமைச்சர்களின் மடியில் உதிர்ந்தது. ஆயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். அசையாதிருப்பது எப்படி என்று அந்நகரத்துப் பெரியவர்கள் முதன்முறையாகக் கற்றுக்கொண்ட நேரம் அது.

"என்ன வேண்டும்?" என்றார் ஆளுநர்.

"செத்த பத்தொம்பது பேரோட பேரையும் வாசிங்க. அப்புறம் ஒரு சட்டம் எழுதுங்க. இனி எவரும் எடையர் இல்லை, எவரும் தொங்க வேண்டாம், பொறக்கற குழந்தைக்கு நம்பர் இல்லைன்னு. கையெழுத்துப் போட்டுக் கயித்துல கட்டுங்க."

"நாளை அவையில் வைத்து..."

"நாளைக்கி நான் உக்காந்திருக்க மாட்டனுங்க."

பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒரு பெயரைக்கூட ஆளுநர் அறியவில்லை. மேலிருந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டம் எழுதப்பட்டது, முத்திரை விழுந்தது. கயிற்றில் ஏறிய தாளை வேலாத்தாள் ஒரு கையால் பிரித்து வாசித்து, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறிக் கூரை முழுதும் சுற்றி வந்தது. சிலர் அழுதார்கள், அழும்போதும் அசையவில்லை.

இனி இறங்க வேண்டும். அதில்தான் சிக்கல். மேலுள்ளவர் இறங்கினால் கீழுள்ளவர் நசுங்குவர். கீழுள்ளவர் முதலில் வெளியேறி, கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகே மேலுள்ளவர் இறங்க முடியும். "அவரை மட்டும் நிறுத்தி வைக்கலாம்" என்றார் அருகில் இருந்த பொன்னான். "அவரு உள்ள நின்னா, முட்டுக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடறது யாரு?" என்றாள் வேலாத்தாள். "கீழ பரிமாற வந்த நம்ம சனமும் இருக்குது. போகட்டும். கையெழுத்து நம்மகிட்ட இருக்குதில்ல."

கையெழுத்தை நம்பினாள். அவள் செய்த பிழை அது ஒன்றே.

கடைசி ஆளாக ஆளுநர் வெளியே வந்தார். காற்றை ஆழ இழுத்தார். காவலர் தலைவரிடம் கேட்டார், "சட்டத்தை வாசித்தீரா?"

"வாசித்தேன், ஐயா. எடையர் என்று இனி எவரும் இல்லை."

"அப்படியானால் அரசு மண்டபத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் யார்?"

காவலர் தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அத்துமீறியவர்கள்" என்றார் ஆளுநர். "சுடுங்கள்."

முதல் குண்டு வேலாத்தாளின் கழுத்தில் பாய்ந்தது. அவள் துளைவழியே ஆளுநரின் இருக்கைமேல் விழுவதற்குள், கூரை நடுவில் பிளந்து, தன்மேல் இருந்த அத்தனை பேரையும் விழுங்கிக்கொண்டு உட்குழிந்தது. தூசி அடங்கியபோது கற்களுக்கிடையே கைகள் அசைந்துகொண்டிருந்தன. அம்பலவாணர் கொட்டகைக்கு ஓடினார். "தூக்கிகளை எடுங்கள், கற்களை நகர்த்தினால் பாதிப்பேராவது பிழைப்பர்" என்று கெஞ்சினார். "இந்த மாதத்துக் கால்மணி முடிந்துவிட்டது" என்றார் கொட்டகைக் காவலர். மாலைகளை அறுத்தெறிந்து அம்பலவாணரே ஒன்றை ஓட்டிவந்தார். முப்பத்திரண்டு பேரை உயிரோடு எடுத்தார். இயந்திரத்தின் மூட்டைத் தேய்த்த குற்றத்துக்காக அவருக்கு ஆறாண்டுச் சிறை.

நகரம் அழுதது, இதை மறைக்கக்கூடாது. புத்தூழி நகர் கல்நெஞ்சரின் ஊரன்று. வீடுதோறும் விளக்கு வைத்தார்கள். வேலாத்தாளின் படத்துக்கு மாலை போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவளைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தினார்கள். சட்டமும் அப்படியே இருந்தது. ஓர் எழுத்தும் மாறவில்லை. மாண்டவர்களுக்காக மாபெரும் நினைவு மண்டபம் எழுப்புவதென்று அவை ஒருமனதாக முடிவு செய்தது.

மண்டபம் என்றால் கூரை வேண்டும். கூரை என்றால் உரு வேண்டும்.

அதிலிருந்து பத்தாம் மாதம் ஒரு காலை. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. அதே தராசு. வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது எடையர் என்று பெயரில்லை. தொண்டர் என்று பெயர். குழந்தைகளுக்கு எண் குத்துவதில்லை. கயிற்றில் எண் அட்டை கட்டித் தருகிறார்கள். தியாகியின் குடும்பத்துக்குத்தான் முதல் மரியாதை என்று உச்சி முடிச்சை நஞ்சம்மாளுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

தராசில் ஏறினாள். பத்துக் கிலோ குறைந்தது.

"கொழந்தையையும் முதுகுல கட்டிக்கோ, அம்மிணி" என்றார் தராசுக்காரர், கனிவாகவே. "சரியா வந்துரும்."

கட்டிக்கொண்டாள். சரியாக வந்தது. அன்று கயிறு அறவில்லை. உருவும் குறையின்றி அமைந்தது. புத்தூழி நகரிலேயே அழகான வளைவு அதுதான் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

சாட்சிகளே, உங்கள் கண் கலங்குகிறதா? துடைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்குப் போக உங்களுக்கு வண்டியில்லை. தெருமுனைக்குப் போகக் கால் இருக்கிறது. நாளைக் காலை அங்கே ஓர் இரும்பு மூடியைத் திறப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டி, நம்மில் ஒருவரை, நம் மலம் ஓடும் குழிக்குள் இறக்குவார்கள். அந்த வேலைக்கென்று வந்த இயந்திரம் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டு, மாலையும் சந்தனமுமாய்க் கொட்டகையில் நிற்கிறது. இறக்கக்கூடாது என்ற சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இறங்கியவர் நச்சுக் காற்றில் மாண்டால் இரங்கலும் படமும் மாலையும் குறைவில்லாமல் வரும். மறுநாள் அடுத்தவர் இறங்குவார். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவீர்கள்.

இம்முறை கடக்காதீர்கள். மாலை வாங்காதீர்கள், இரங்கல் எழுதாதீர்கள். நேரே போங்கள். அந்த மூடியின்மேல் ஏறி உட்காருங்கள். இயந்திரம் வந்து நிற்கும்வரை, யார் கையெழுத்திட்டு எதைக் காட்டினாலும் எழாதீர்கள். வேறெதுவும் வேண்டாம், உங்கள் எடையைக் கொண்டுவந்து அங்கே வையுங்கள்.